டயரில் எழுதியிருந்தது

"இதோ, எலிவால் அருவி தெரியப்போகுது" என்று பிள்ளைகளிடம் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் 'டமார்' என்றது. டம்டம் பாறைக்குச் சற்று முன்னால், வளைவில். ஜீப்பில் கோத்திருந்த ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து எங்களைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. அண்ணன் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெல்ல மெல்ல நிறுத்தினான். அப்புறம் அருவியை யாரும் பார்க்கவில்லை.

அந்த ட்ரெய்லர் அண்ணனின் பல வருஷக் கனவு. படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உண்டு. லீவுக்கு பேத்துப்பாறையில் சித்தப்பாவின் காபித் தோட்டத்தில் நிறுத்தித் தங்குவோம். மற்ற நாளெல்லாம் திண்டுக்கல் வீட்டு வாசலில் வெயிலில் கிடக்கும். செலவை மிச்சம் பிடிக்க, பழைய மாருதி 800 டயர்களை மாட்டியிருந்தான். "பட்டன் புதுசு மாதிரி இருக்கு பாரு" என்று பெருமை வேறு.

ஸ்டெப்னியை மாட்டி ஒருவழியாக பேத்துப்பாறை போய்ச் சேர்ந்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் காலமெல்லாம் லோடு ஜீப் ஓட்டியவர். டார்ச் அடித்து, வெடித்த டயரைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, சைஸ் பக்கத்துல 69னு போட்டிருக்கே, பாத்தீங்களா?"

69 என்றால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும், இரண்டுக்கும் 650. ஊர் திரும்பும்போது எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால், முழுச் சாமானோடு 740! (என் இட்லிக் கொப்பரையும் அதில் அடக்கம்.)

இன்னொன்றும் காட்டினார். சின்னக் கட்டத்துக்குள் 1412 என்று நான்கு எண். 2012-ஆம் வருஷம் 14-வது வாரம் செய்த டயராம். பக்கச் சுவரெல்லாம் காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு. "நிக்கிற வண்டிக்கு பட்டன் தேயாது தம்பி. ரப்பர்தான் செத்துப்போகும்."

கடையில், லோடு வண்டிக்கான 12 இஞ்ச் டயர் எடுத்தோம். அதில் 86 என்று இருந்தது. ஒன்றுக்கு 530 கிலோ. கார் டயரைவிட இதற்குக் காற்று அதிகம் வேண்டும், பழைய ரிம் தாங்காது என்று ரிம்மையும் மாற்றச் சொன்னார்கள். காற்றை ஓடிச் சூடான பிறகு பார்க்கக்கூடாதாம். கிளம்புமுன் பார்க்க வேண்டுமாம். அண்ணன் இரண்டு டயருக்குத்தான் பேரம் பேசினான். "ஸ்டெப்னிக்கும் சேர்த்து மூணு" என்று அண்ணி சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தார்.

தண்ணீர் டேங்கை இப்போது காலியாகத்தான் மலையேற்றுகிறோம். பேத்துப்பாறையில் தண்ணீருக்கா பஞ்சம்?