அப்பாவின் மாண்டலின்

அப்பா காலமானதும் அம்மா தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். கூடவே ஒரு டிரங்குப் பெட்டியும் அப்பாவின் பழைய மாண்டலினும் வந்தன. "இதை வாசிக்கத்தான் இனிமே ஆளில்லையே" என்று ஒரு நாள் சொன்னாள். அப்புறம் பேச்சே குறைந்துபோயிற்று. அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நாற்பத்தைந்து வயசில் வாத்தியமா என்று வீட்டில் சிரித்தார்கள். நான் விடவில்லை. துருப்பிடித்திருந்த எட்டுத் தந்திகளையும் மாற்றினேன். மாண்டலினில் தந்திகள் நாலு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரே சுருதி. துளி பிசகினாலும் காது கூசும்.

மத்தியானம் பாத்திரம் கழுவிவைத்த பின் தினமும் இருபது நிமிஷம், அவ்வளவுதான். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் சிவந்து, புளி கரைத்தால் எரிந்தது. பயப்படாதீர்கள் சகோதரிகளே, சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வீணையில் இருப்பதுபோல் இதிலும் கட்டைகள் உண்டு. கட்டையை ஒட்டி விரலை வைத்தால் லேசாக அழுத்தினாலே போதும்.

நான் எடுத்துக்கொண்டது, அப்பா வாசிக்கும் காவடிச்சிந்து மெட்டு. புத்தகம் கிடையாது. முதலில் ஓர் அடியை வாயால் பாடுவேன்; பிறகு அதைத் தந்தியில் தேடுவேன். மாண்டலின் மேதை யூ. ஸ்ரீநிவாஸுக்கு (1969–2014) அவருடைய குரு சுப்பராஜு வாயால் பாடிக்காட்டித்தான் சொல்லிக்கொடுத்தாராம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த பில் மன்றோ என்ற மாண்டலின்காரரும் (1911–1996), தாய்மாமன் பிடிலில் வாசித்த கிராமத்து மெட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர். பழைய மெட்டுகள் காது வழியாகத்தான் வருகின்றன போலும்!

ஒரு நாள் இரண்டாவது அடியில் திரும்பத் திரும்பத் தடுக்கிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். "அந்த எடத்துல உங்கப்பா சட்டுனு விடமாட்டாருடி. படபடன்னு மீட்டி இழுப்பாரு, இப்படி" என்று பாடியே காட்டினாள். மாண்டலினில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். விடாமல் மீட்டினால்தான் ஸ்வரம் நிற்கும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது!

இப்போது மத்தியானம் ஆனால், "என்னடி, எடுக்கலையா?" என்று அவளே கேட்கிறாள். எனக்கு இன்னும் வேகம் வரவில்லை. வரட்டும், மெதுவாக!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது வாத்தியம் கிடக்கிறதா? தூசி தட்டி எடுங்கள். அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.