கல்வெட்டுகளுக்கு எந்தத் தட்டு?

புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கும் மோகம் ஒன்று இப்போது வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. சிவப்பு மட்டைகள் ஒரு தட்டில், நீலம் அடுத்ததில், மஞ்சள் அதற்கும் கீழே. இடையிடையே ஒரு பூச்சாடி, ஒரு பித்தளை யானை. படம் எடுத்தால் எடுபடும். ஆனால் இந்த வித்தையைத் திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வீடொன்றில் காட்ட நினைப்பவர் முதல் தட்டிலேயே தடுமாறிப் போவார். அங்கே அலுமாரியில் பாதி பிறவுண் கடதாசி நிறம். மீதியில் பெரும் பங்கு கறுப்புக் கரை போட்ட வெள்ளை.

பிறவுண் நிறத்தவை பள்ளிப் பாடநூல்கள். 1980 முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவரும் அவற்றுக்கு உறை போட்டு, பெயரும் தரமும் எழுதி ஒட்டுவது தை மாதத்து வீட்டு வேலைகளில் ஒன்று. அண்ணன் படித்ததைத் தங்கைக்கு உதவும் என்று எடுத்து வைப்பார்கள். அதற்குள் பாடத்திட்டம் மாறிவிடும். புத்தகம் மட்டும் அலுமாரியை விட்டு அசையாது.

கறுப்புக் கரை போட்டவை கல்வெட்டுகள். சோழர் காலத்துக் கல் அல்ல. ஈழத்துத் தமிழ் வீடுகளில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் கிரியைக்கு வருபவர்கள் கையில் கொடுக்கும் சிறு நூல். நினைவு மலர் என்றும் அச்சிடுவார்கள். புத்தக அலங்காரம் பற்றி எழுதுபவர்கள் எவரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் ஒரு வீட்டு அலுமாரியில் எதை எங்கே வைப்பது என்ற கேள்வியை இதைவிடக் கடினமாக்கும் நூல் வேறில்லை.

அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மட்டையில் இறந்தவரின் படம்; கீழே தோற்றம், மறைவு. உள்ளே முதலில் திதி வெண்பா: ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நாலடிக்குள் அடக்கிய கணக்கு. வருடாவருடம் திவசத்துக்கு நாள் பார்க்க இது ஒன்றே போதும். பிறகு விநாயகர் துதி, பஞ்சபுராணம், சிவபுராணம். அதன் பின் வாழ்க்கை வரலாறு. அப்புறம் புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என உறவுமுறை பிசகாமல் வரிசையாக வரும். கடைசியில் வம்சாவளி. அதற்கும் கடைசியில் நன்றி நவிலலும் அச்சகத்தின் பெயரும்.

பாட்டுப் பகுதியை நம்பி எவரும் மனிதரை அறிய முடியாது. ஊரில் கவி பாடத் தெரிந்த ஒருவரே பலருக்கும் பாடிக் கொடுப்பார் என்பதால், இறந்தவர் அனைவரும் குணக்குன்று, கொடைவள்ளல், சிரித்த முகத்தினர். கல்வெட்டுகளை மட்டும் படித்தால் இந்தக் கொட்டியாபுரப்பற்றுப் பகுதியில் முன்கோபியோ கடன்காரரோ ஒருவரும் செத்ததாகத் தெரியாது. ஒருவரின் பெயர் நிற்கும் சீரில் இன்னொருவரின் பெயரை வைத்தாலும் பல வெண்பாக்களில் தளை தட்டாது.

உண்மை உரைநடையில் இருக்கிறது. இளைப்பாறிய தபாலதிபர் எந்த ஊர்களுக்கெல்லாம் மாற்றலாகிப் போனார், எந்தப் பள்ளியில் யாரிடம் படித்தார், வயலும் மாடும் எங்கே இருந்தன என்பதெல்லாம் அங்கே சாதாரண வசனங்களாகக் கிடக்கும். வம்சாவளிப் பக்கத்தில் மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று, வாகரை என்று இந்தக் கரையோரத்துச் சம்பந்தங்கள் ஓடும். கடைசித் தலைமுறைக்கு வந்ததும் அடைப்புக்குறிக்குள் நிற்கும் ஊர்ப்பெயர்கள் திடீரென மாறும்: கனடா, சுவிஸ், லண்டன். போரையும் புலம்பெயர்வையும் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே அந்த அடைப்புக்குறிகள் அதைச் சொல்லிவிடுகின்றன.

இனி அலுமாரிக்கு வருவோம். கல்வெட்டை எறிய முடியாது. மட்டையில் பெரியவரின் படம், உள்ளே தேவாரம். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதை எடுத்துப் படிப்பவரும் இல்லை. எறியாமலும் படிக்காமலும் வருடத்துக்கு நாலைந்து சேர்ந்தால் இருபது வருடத்தில் ஒரு தட்டு நிறைந்துவிடும். நிறைந்தும் என்ன? அதற்கு முதுகு கிடையாது. நடுவில் இரண்டு ஸ்டேப்பிள் கம்பி, அவ்வளவுதான். நிமிர்த்தி வைத்தால் சரியும். படுக்கவைத்தால் எது யாருடையது என்று தெரியாது. புத்தக அலுமாரி என்பது முதுகுள்ளவர்களுக்காகச் செய்த தளபாடம்.

அந்த முதுகுக்கும் மரியாதை தாமதமாகத்தான் வந்தது. ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் தட்டோடு பிணைத்து வைத்த காலத்தில், முதுகை உட்பக்கமாகத் திருப்பித் தாள் விளிம்பை வெளியே காட்டி நிறுத்தினார்கள். முதுகில் பெயர் பொறிக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில்தான் மெல்லத் தலைகாட்டியது. நம்முடைய ஏட்டுச் சுவடிக்கோ முதுகே இல்லை. துளையில் கயிறு, இரு பக்கமும் சட்டம், மேலே துணி. பூச்சி அண்டாமலிருக்க அடுப்பங்கரைப் புகை படும் பரணில் வைப்பதும் உண்டு. வெருகல் முருகன்மேல் தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய ‘சித்திரவேலாயுதர் காதல்’ அச்சேறும்வரை அப்படி ஏட்டில் வாழ்ந்த நூல்தான்.

புத்தகத்தை அலங்கரிப்பதே தமிழருக்குத் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. சரஸ்வதி பூசையன்று பட்டு விரித்து, புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சூட்டுவோம். அன்றைக்கு ஒரு பக்கமும் படிக்கக் கூடாது. புத்தகம் மிக அழகாக இருக்கும் நாளும் அதைத் தொடக் கூடாத நாளும் ஒன்றாக அமைந்ததில், வருடம் முழுவதும் அலுமாரியைப் பூட்டியே வைத்திருக்கும் குடும்பத் தலைவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பூட்டி அழகு பார்ப்பதில் உலகத்துக்கே மூத்தவர் ஒருவர் உண்டு: சாமுவேல் பெப்பிஸ். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்படை நிர்வாகத்தைக் கவனித்த அதிகாரி, நாட்குறிப்பால் புகழ்பெற்றவர். கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய புத்தக அலுமாரிகளைச் செய்தவர் கடற்படைத் தளத்துத் தச்சர் ஒருவர். கடற்படையின் மரவேலைக்காரரை வீட்டு அலுமாரிக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதை, 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த திருகோணமலைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெப்பிஸ் தம் 3000 நூல்களையும் பொருள் பார்த்து அடுக்கவில்லை, உயரம் பார்த்து அடுக்கினார். மிகச் சிறியது முதலாம் இலக்கம். ஒரே வரிசையில் ஒரு நூல் சற்றுக் குள்ளமாக இருந்தால், மேல்விளிம்பு நேராக வருவதற்காக அதன் அடியில் அளவாக வெட்டிய மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்தார். கேம்பிரிட்ஜ் மாக்டலீன் கல்லூரியில் அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. ஒரு நூலைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் சீர்காழிக்காரர். கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே பெரிய கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியதுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையின் விதை. நூலின் பொருளை அவர் பிரித்த கூறுகளில் இடமும் காலமும் உண்டு. அந்தக் கண்ணால் பார்த்தால், இருப்பதிலேயே எளிதில் வகைப்படுத்தக்கூடிய நூல் கல்வெட்டுத்தான்: ஆள், ஊர், நாள் மூன்றும் மட்டையிலேயே இருக்கின்றன. ரங்கநாதனின் நூலக விதிகளில் முதலாவது, நூல் பயன்படுவதற்கே என்பது. அதைப் பெப்பிஸிடம் சொல்லியிருந்தால் முட்டுக்கட்டைகளுக்கு என்ன கதி என்று கேட்டிருப்பார்.

வெருகல் ஆற்றோரத்து வீடுகளில் அலுமாரியின் ஒழுங்கைத் தீர்மானிப்பவர் பெப்பிஸும் அல்ல, ரங்கநாதனும் அல்ல. தண்ணீரும் கறையானும்தான். மாரியில் ஈரம் சுவரேறும். காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குப் பின்னால் கறையான் மண்வழி கட்டும். இராமபாணம் தாளில் துளை போடும். கடற்காற்றில் ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். ஒட்டுப்பலகையில் தட்டடித்தால் இன்னொரு தொல்லை: தடிப்பு மாறாமல் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். முதிரைப் பலகை தாங்கும். அதன் விலையை வீட்டுக்காரர் தாங்க வேண்டும்.

அதனால் கீழ்த்தட்டு பற்றி இந்த வீடுகளில் தீராத வழக்கு ஒன்று உண்டு. பிள்ளைகளின் கைக்கு எட்டுவது கீழ்த்தட்டு. வெள்ளத்துக்கும் எட்டுவது அதுவே. கதைப் புத்தகங்களை மேலே ஏற்றினால் பிள்ளை படிக்காது. கீழே விட்டால் மாரி படித்துவிடும்.

ஏழு வருடத்துக்குள் இந்தப் பகுதி மூன்று தடவை அலுமாரிகளை இழந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஜூலைக் கடைசியில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை பரவ, ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் போனார்கள்; திரும்பி வரத் தொடங்கியது 2007இல். 2011இன் தொடக்கத்தில் பெருவெள்ளம். ஓடும்போது கையில் எடுப்பவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு. கல்வெட்டு அந்தப் பைக்குள் வராது. அதற்கு எந்த அலுவலகத்திலும் பெறுமதி இல்லை.

ஆனாலும் கல்வெட்டுக்கு ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அதை அச்சடிப்பவர் தம் வீட்டில் வைக்க அச்சடிப்பதில்லை, கொடுக்க அச்சடிக்கிறார். ஈச்சிலம்பற்றில் கரைந்துபோன பிரதி திருகோணமலை நகரத்து மச்சான் வீட்டில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் ரொறன்ரோவில் ஒரு பெறாமகளின் லாச்சிக்குள் இருக்கும். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் இருந்தன. ஓரிடத்தில் குவித்ததை ஓர் இரவில் எரிக்கலாம். உறவினர் வீடுகளில் சிதறிக் கிடப்பதை எரிக்க அத்தனை வீடுகளையும் தேடிப் போக வேண்டும்.

பெரிய நூல்களுக்குக்கூட இந்தப் பாதுகாப்பு வாய்ப்பதில்லை. ஈழத்தின் ஆரம்பகால நாவல்களில் இரண்டு திருகோணமலைக்காரர்கள் எழுதியவை: இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891, சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று எண்ணப்படுவது ‘மோகனாங்கி’. எழுதியவர் சென்னையில் நூலகராக வேலை பார்த்தவர். அப்படியிருந்தும் அந்த நாவலின் முழுவடிவம் நெடுங்காலம் தேடுவாருக்குக் கைக்கெட்டாமல் கிடந்தது. நாவலைக் காசு கொடுத்து வாங்குபவர் சிலர். கல்வெட்டை இலவசமாகப் பெறுபவர் பலர்.

மற்றவர் எறிவதைச் சேர்த்தவர்களால்தான் தமிழின் அச்சு வரலாறே மிஞ்சியது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பழைய இதழ்களையும் வீட்டில் நிறைத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஈழத்தில் 2005 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கும் இடம் உண்டு. அங்கே அவை நாவலுக்கும் இலக்கணத்துக்கும் பக்கத்திலேயே நிற்கின்றன. முதுகு இல்லாத குறை திரையில் தெரிவதில்லை.

ஆக, கீழ்த்தட்டு வழக்கைத் தீர்த்துவிடலாம். கடையில் திரும்ப வாங்கக்கூடியது எல்லாம் கீழே போகட்டும்: கதைப் புத்தகம், பாடநூல், புலமைப்பரிசில் வினாத்தாள். பிள்ளைகள் கிழிக்கட்டும், கிழிவதும் படிப்பில் சேர்த்திதான். நாவலும் சஞ்சிகையும் நடுவில். கல்வெட்டுகள் மேல்தட்டில், யன்னல் வெயில் படாத மூலையில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி.

இந்த மாரி தொடங்குமுன் ஒரு பின்னேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். துருப்பிடித்த கம்பியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். மட்டையின் உட்பக்கத்தில், பேனையால் அல்ல, பென்சிலால், இவர் உங்களுக்கு என்ன முறை என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவரைக் கேட்டு எழுதுங்கள், அவர் இருக்கும்போதே. பத்துப் பதினைந்தாகப் பெட்டிக் கோப்புகளில் போட்டு, கோப்பின் முதுகில் குடும்பப் பெயரை ஒட்டுங்கள். வருடிய பிரதி ஒன்றை எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். அதற்குச் சம்மதம் கேட்க வேண்டியவர்களின் பெயர்களெல்லாம் நன்றி நவிலல் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன.