ஜூனியர் என்றொரு சொல், ஆக்கின்லெக் என்றொரு ஊர்

ஜூனியர் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் அப்படியல்ல. அங்கே ஜூனியர் என்பது வயதைக் குறிக்கும் சொல் அல்ல, நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சொல். முப்பத்தைந்து வயதான, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் சனிக்கிழமை மதியம் தன் ஊர் அணிக்காக ஆடினால் அவர் ஜூனியர் ஆட்டக்காரர். பணமும் பெயரும் சேர்ந்த கிளப்புகள் சீனியர். சுரங்க ஊர்கள், தறி ஊர்கள், கப்பல் கட்டும் பேட்டைகள் என்று உழைப்பவர்கள் குவிந்த இடங்களின் கிளப்புகள் பெரும்பாலும் ஜூனியர். அறுபது வயதுப் பெரியவரைப் 'பையா' என்று கூப்பிடும் தெருக்களில் வளர்ந்த நமக்கு இந்தச் சொல் வித்தை புதிதல்ல.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மக்கள் இந்தப் பெயரைப் பிடுங்கித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 1886-லேயே ஜூனியர்களுக்கென்று தனிச் சங்கம், தனிக் கோப்பை, தனி விதிகள். சீனியர் லீக்கில் இடமில்லையா, சரி, எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்கள். அந்த வீட்டை விட்டு வெளியேறுவதா, உள்ளேயே இருப்பதா என்ற வாக்குவாதம் உச்சத்தில் இருந்த 2018-19 சீசனில் நாங்கள் அங்கே இருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். 2018 செப்டம்பரில் முதுநிலைப் படிப்புக்காக கிளாஸ்கோ போனவர்கள். ஒரே வீட்டில் ஓர் அறையை மூவரும் பங்கிட்டோம், மாலையில் பகுதிநேர வேலை. செல்டிக்கையும் ரேஞ்சர்ஸையும் பார்க்க ஆசைதான். நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கியது. உடன் வேலை பார்த்த ஒருவர்தான், உண்மையான ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஏர்ஷையருக்கு ரயில் ஏறுங்கள் என்றார். கிளாஸ்கோ சென்ட்ரலில் ஏறி, கில்மார்னக் தாண்டி, ஆக்கின்லெக்கில் இறங்கினோம். சில ஆயிரம் பேர் வாழும் ஊர். அந்த ஊரின் கிளப் ஆக்கின்லெக் டால்பட்.

கிளப்பின் பெயரில் இருக்கும் டால்பட் ஒரு நிலப்பிரபு. 1909-இல் கிளப் தொடங்கியபோது மைதானத்துக்கு இடம் கொடுத்தவர் டால்பட் பிரபு, அதனால் அவர் பெயர். சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கையை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல்லின் பரம்பரை நிலம் இதே ஊர்தான். பாஸ்வெல்லைப் படிக்க வருகிறவர்கள் மாளிகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பார்க்கப் போனது பாரனி சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தை. சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றிய அந்தக் கோபுரத்தை மட்டும் வயல்வெளி நடுவே நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1962-இல் சுரங்கக் குழி இடிந்து நான்கு பேர் உள்ளேயே மாண்டார்கள். வேலை போனது, கடைகள் போயின, பிள்ளைகள் வெளியூர் போனார்கள். சனிக்கிழமை மதியம் ஊர் ஒன்றுகூட மிஞ்சிய இடம் பீச்வுட் பார்க் மைதானம்தான்.

அங்கே சில பவுண்டு கொடுத்தால் உள்ளே போகலாம். ஆட்டுக்கறி அடைத்த வட்டப் பை ஒன்று, கோப்பை நிறைய சூடான போவ்ரில். போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாறு. குளிரில் விரல் மரத்த நேரத்தில் அதைக் குடித்தபோது, இதை இத்தனை பேர் நடுவில் கூசாமல் குடிக்கிறோமே என்று எங்களில் ஒருவர் சிரித்தார். விளக்கம் கேட்டவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க இடைவேளை போதவில்லை.

கம்னக் ஜூனியர்ஸ் பக்கத்து ஊர், நடந்தே போய்விடலாம். இரண்டு ஊருக்கும் ஒரே நிலக்கரி, ஒரே தொழிற்சங்கம், ஒரே வறுமை. ஆனால் கால்பந்தில் ஜென்மப் பகை. அந்த ஆட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் வீசிய வசவுகளில் பாதி எங்களுக்குப் புரியவில்லை, நல்லதுதான். கம்னக் நகர மன்றத்துக்கு வெளியே கெய்ர் ஹார்டியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், சங்கம் கட்டியதால் முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர், தொழிலாளர் கட்சியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 1907-இல் இந்தியாவுக்கு வந்து பார்த்து, ஒரு நூலும் எழுதினார். அவர் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த வழியே போன ஒரு பெண்மணி, நீங்கள் டால்பட் ஆட்களா, கம்னக் ஆட்களா என்று மட்டும் கேட்டார். ஹார்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லா ஊரும் இனிக்கவில்லை. பெயர் வேண்டாம், ஒரு மைதானத்தில் எங்களைப் பார்த்து, தெற்காசியர்களை இழிவாகச் சொல்ல அங்கே பழக்கத்தில் இருக்கும் சொல்லைக் கத்தினார்கள். வேறொரு இடத்தில் ஐரிஷ் கத்தோலிக்கர்களைக் கேவலப்படுத்தும் பாட்டைக் கூட்டமாகப் பாடினார்கள். சுரங்கத்தில் ஒன்றாக மூச்சுத் திணறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இரு தரப்பும். உழைக்கும் வர்க்கம் என்று சொல்லிவிட்டால் அதற்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு தானே கரைந்துவிடும் என்று நம்மிடம் பேசுகிற தோழர்களை அந்தப் பாட்டைக் கேட்க அழைத்துப் போயிருக்கலாம்.

இந்தப் பகுதியின் கால்பந்தை ஒரு இந்தியர் எதிர்த்து ஆடியிருக்கிறார் என்பது எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் ஆடிய முகமது சலீம், 1936-இல் செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக, காலணி இல்லாமல், காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு களமிறங்கினார். அவர் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்று கால்ஸ்டன் அணிக்கு எதிரானது. கில்மார்னக்கிலிருந்து டார்வெல் போகும் பேருந்து கால்ஸ்டன் வழியாகத்தான் போகிறது.

இனி அந்த சீசனுக்கு வருவோம். 2007 வரை ஜூனியர் கிளப்புகள் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஆடவே முடியாது. நாட்டின் கோப்பை, ஆனால் நாட்டின் மிகப் பெரிய உழைப்பாளர் கால்பந்துக்கு அதில் இடமில்லை. ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். செல்டிக் 1967-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், அணித்தலைவர் பில்லி மெக்நீல். இருவரும் பிளான்டைர் விக்டோரியா என்ற ஜூனியர் கிளப்பில் ஆடியவர்கள். லிவர்பூலை உருவாக்கிய பில் ஷாங்க்லி, ஆக்கின்லெக்குக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த கிளென்பக் என்ற சுரங்க ஊர்க்காரர். அவர் ஆடிய ஜூனியர் கிளப் குரோன்பெரி எக்லின்டன். உழைப்பை எடுத்துக்கொள், ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்து. 2007-08 சீசனிலிருந்து ஜூனியர் கோப்பையையும் மண்டல லீக்குகளையும் வென்ற சில கிளப்புகளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அப்படி உள்ளே போன டால்பட், 2019 ஜனவரி 19 அன்று தன் சொந்த மைதானத்தில் ஏர் யுனைடெட்டை எதிர்கொண்டது. ஏர் யுனைடெட் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் மேலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த அணி. டால்பட் ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். இரண்டாம் பாதியில் கிரெய்க் மெக்ராக்கன் கோல் அடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஆட்டத்தைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது, எங்கள் முன்னால் நின்றவர்களின் தோள்களைத்தான் பார்த்தோம். 1-0. விசில் ஊதியதும் எங்கள் பக்கத்திலிருந்த, பாரனியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் எங்கள் மூவர் கையையும் குலுக்கினார். ஏதோ துக்க வீட்டில் குலுக்குவதுபோல.

அடுத்த சுற்றில் பிப்ரவரி 10 அன்று எடின்பரோவின் டைன்காசில் மைதானத்தில் ஹார்ட்ஸிடம் 4-0 என்று தோற்றார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பெரியவரிடம்தான் எங்கள் வாக்குவாதம் தொடங்கியது. 2018 கோடையில் கிழக்கு மண்டலத்தின் ஜூனியர் கிளப்புகளில் பெரும்பகுதி ஒரேயடியாகச் சங்கத்தை விட்டு விலகி, சீனியர் பக்கம் இணைந்த கிழக்கு ஸ்காட்லாந்து லீக்குக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே ஒரு மாற்றம் நடந்திருந்தது. 2015 வரை சீனியர் லீக்கில் கடைசி இடம் பிடித்தாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. எவ்வளவு மோசமாக ஆடினாலும் பிறப்புரிமை போல இடம் நிலைத்திருக்கும். அந்த ஆண்டு முதல் கடைசி அணி, கீழேயிருந்து வரும் அணியுடன் மோதித்தான் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆனது. முதன்முதலில் 2016-இல் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷையர் கீழே இறங்கியது. ஏணியில் படிகள் முளைத்துவிட்டன, ஆனால் ஏணி நிற்பது சீனியர் முற்றத்தில். மேற்கு மண்டலக் கிளப்புகளும் அங்கே போகலாமா?

போகக்கூடாது என்றார் பெரியவர். நூறு வருஷமாக எங்களை வாசலில் நிறுத்தினார்கள், அப்போது நாங்கள் செத்தா போனோம்? எங்கள் கோப்பையை நாங்களே வைத்துக்கொண்டோம், எங்கள் மைதானத்தை நாங்களே பெருக்கினோம். இப்போது அவர்கள் லைசென்ஸ் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். ஃப்ளட்லைட் எங்கே, உடை மாற்றும் அறை எத்தனை அடி, கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். கேட்பவன் யார், பதில் சொல்பவன் யார், அதைப் பாருங்கள் என்றார்.

பை விற்கிற இடத்தில் நின்ற அம்மா ஒருவர் அவரை மறித்தார். அவருடைய மகன் ஒரு சிறிய கிளப்பில் ஆடுகிறான். என் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த லீக்கோடு முடிந்துபோகிறது, மேலே போக வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். ஊரே மேலே போகக் கூடாதா என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் எங்கள் மூவருக்குள்ளும் அதே சண்டை. ஒருவர் பெரியவர் கட்சி. தனி அமைப்பு என்பது பின்வாங்கல் அல்ல, அதுதான் நமக்குத் தலைமைப் பயிற்சி தருகிறது, பொது அமைப்பில் கரைந்தால் செயலாளராக இருந்தவன் வாசல்காப்போன் ஆவான் என்றார். மற்ற இருவரும் அந்த அம்மா பக்கம் நின்றோம். சொந்த வீடு எவ்வளவு பெருமையானதாக இருந்தாலும், அதற்கு மேல் மாடி கட்டக் கூடாது என்ற விதியை வேறொருவன் போட்டிருந்தால் அந்தப் பெருமையில் ஒரு பங்கு அவன் கொடுத்தது. கில்மார்னக் வந்தும் முடியவில்லை, கிளாஸ்கோ வந்தும் முடியவில்லை. இன்றும் எங்கள் குழுவில் இதே கேள்வி வேறு பெயர்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

மழையில் மைதானங்கள் குளமாகி ஆட்டங்கள் தள்ளிப்போயின. பல ஜூனியர் மைதானங்களில் ஃப்ளட்லைட் கிடையாது என்பதால், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் மே மாதத்தில் வாரநாள் மாலைகளில் தள்ளிப்போன ஆட்டங்களை வரிசையாக ஆடித் தீர்த்தார்கள். எங்களுக்கு ஆய்வேடு எழுத வேண்டிய நேரம் அது. ஜூன் தொடக்கத்தில் கில்மார்னக்கின் ரக்பி பார்க்கில் லார்க்ஸ் திஸிலை வென்று டால்பட் ஜூனியர் கோப்பையைப் பதின்மூன்றாம் முறையாக எடுத்தது. வேறெந்தக் கிளப்பும் அத்தனை முறை வென்றதில்லை.

முழுதாக ஆடி முடிக்கப்பட்ட கடைசி மேற்கு ஜூனியர் லீக் சீசன் அது. அடுத்த சீசனை 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. அந்தக் கோடையில் மேற்குக் கிளப்புகளும் விலகி, மேற்கு ஸ்காட்லாந்து லீக் என்ற புதிய லீக்கில் சேர்ந்தன. ஆனால் ஜூனியர் கோப்பையை விடவில்லை, இன்றும் ஆடுகிறார்கள். 2022-இல் டால்பட் பதினான்காம் முறை வென்றது. வீட்டையும் வைத்துக்கொண்டு ஏணியிலும் ஏறினார்கள் என்று எங்களில் இருவர் சொல்கிறோம். மூன்றாமவர் பானிரிக் ரோஸைக் காட்டுகிறார். ஷான் கானரி இளவயதில் ஆடிய, எடின்பரோவுக்குப் பக்கத்துக் கிளப். 2018-இல் ஜூனியரை விட்டு விலகி, 2022-இல் சீனியர் லீக்கின் நான்காம் நிலைக்கே ஏறிவிட்டது. அவர்கள் மைதானம் காலங்காலமாகச் சரிவானது. அந்தச் சரிவு லைசென்ஸ் விதிக்கு உட்படவில்லை என்று 2024-25 சீசனில் ஆறு புள்ளிகளைக் கழித்தார்கள். சீசன் முடிவில் கிளப் கீழே இறங்கியது.

அதே நேரம், 2023 ஜனவரி 23 இரவு, ஆறாம் நிலையில் ஆடிய டார்வெல் தன் ஊர் மைதானத்தில் அபர்தீனை 1-0 என்று வென்றதையும் சொல்ல வேண்டும். 1983-இல் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையை (கப் வின்னர்ஸ் கப்) வென்றவர்கள் அபர்தீன். ஜோர்டான் கர்க்பாட்ரிக்கின் கோல். சில நாட்களில் அபர்தீன் பயிற்சியாளர் வேலை இழந்தார். எங்கள் பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினோம். பதில் காலையில்தான் வந்தது. டார்வெல் ஜெயித்ததில் சந்தோஷம், கம்னக்காக இருந்திருந்தால் டிவியை அணைத்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.