பொடிந்துபோன கல்லமேட்டு எலும்பு

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சுருண்ட கடல் ஓடுகள் கிடைப்பது ஊரறிந்த விஷயம். கல்லமேடு வேறு கதை. கடல் விலகியபின், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும்தான் அங்கே கிடக்கின்றன. அதற்குள் ஆமை, முதலை, டைனோசர் எலும்புகள்.

1980-களில் அங்கு கிடைத்த ஒரு கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். ஆள் உயரத்துக்கும் மேல்! அந்த விலங்குக்கு ‘பிருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல்கொண்ட பல்லி என்று பொருள். எலும்போ தொட்டால் உதிரும் நிலை. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும், ஆய்வகம் போய்ச் சேருமுன் பொடிந்துவிட்டது. மிஞ்சியவை படங்கள்தான். அதனால், அது எலும்பா, சாத்தனூரில் இருப்பதுபோல் கல்மரமா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

அதே கல்லமேட்டு மண்ணில் கிடைத்த ஒரு சின்னப் பல் பத்திரமாகத் தப்பியது. அது ‘ட்ரூடான்’ வகை ஊனுண்ணி டைனோசருடையது என்று 2013-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த பழைய தென்கண்டத்தில் அந்த இனத்துக்கு அதுவரை தடயமே இருந்ததில்லை.