சும்மா நடக்கிறவள்

எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாளில் சர்க்கரை பார்த்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் எங்கள் தெருக்காரர்தான். எனக்கு மதினி முறை. அம்மாவின் எடை 43 கிலோ. என் எடை 76. ஊசி குத்துவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோருக்கும் முடிவு தெரிந்திருந்தது. சர்க்கரை எனக்குத்தான் இருக்கும்.

"என்னைய எதுக்குத்தா குத்துற? எலும்புந்தோலுமா இருக்கேன். அந்தா அவளப் பாரு" என்றாள் அம்மா.

மதினி இருவரையும் குத்தினார். எனக்கு 118. அம்மாவுக்கு 261. எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் கூடியிருந்தது. அம்மா அந்தக் கருவியையே சந்தேகமாகப் பார்த்தாள். "நா ஒரு நா சும்மா ஒக்காந்தவளா?" என்று கேட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகும் பல நாட்கள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரை அவளுடைய அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

அம்மா கன்னிவாடிக்கு வாக்கப்பட்டு வந்தபோது இந்த வீட்டில் குழாய் இல்லை. தண்ணீருக்குக் கிணறு, விறகுக்கு மலையடிவாரம். காலையில் களையெடுப்பு, கடலை பறிப்பு, வெங்காயம் காய்தல். மாலையில் அம்மியும் ஆட்டுக்கல்லும். நான் பிறந்து பதினாறாம் நாளே குடம் தூக்கியதாகப் பெருமையாகச் சொல்வாள். பெருமையாகச் சொல்லாத பகுதி ஒன்றும் உண்டு. நாற்பது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஓராண்டு யாரிடமும் சொல்லாமல் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிறகு எடுத்துவிட்டார்கள். பிரசவித்த உடம்போடு பாரம் தூக்குவது இடுப்புத் தசைகளுக்கு என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் "அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லுல அரைச்சாங்க, அதான் பொம்பளைங்க ஆரோக்கியமா இருந்தாங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். இதைச் சொல்கிறவர்கள் அநேகமாக ஒரு முறைகூட ஆட்டுக்கல் முன் உட்காராதவர்கள். 2011-இல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அவை வந்தபோது அம்மா கிரைண்டருக்குப் பொட்டு வைத்தாள். அந்தப் பொட்டை நான் கேலி செய்ய மாட்டேன்.

என் கதை வேறு. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நாற்காலியில் எட்டு மணி நேரம், திரும்பப் பஸ். ரத்த அழுத்தத்துக்காகப் போன இடத்தில் மருத்துவர் ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டு வேலையெல்லாம் செய்றீங்களா, இல்ல உக்காந்தே இருக்கீங்களா? வாக்கிங் போங்க" என்றார். வீட்டு வேலை செய்கிறேனா! அன்று காலை நாலே முக்காலுக்கு எழுந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு வாரம் என் நாளை எழுதினேன். சமையலும் பாத்திரமும் துணியும் பெருக்குவதும் சேர்ந்து நாளுக்கு நாலரை மணி நேரம். உட்கார்ந்திருந்தது, பஸ்ஸையும் சேர்த்து, பத்தரை மணி நேரம். மூச்சு சற்று வாங்கும்படி உடம்பு அசைந்தது எவ்வளவு என்று தேடினால், பஸ்ஸைப் பிடிக்க ஓடியதும் மாடிக்குத் துணி தூக்கிப் போனதும்தான். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். நான் ஓய்வில்லாதவள். அதே சமயம் அசையாதவள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பது எனக்கு அந்த நோட்டில்தான் தெரிந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2014-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரின் உடல் அசைவைக் கணக்கிட்டது. 54.4 சதவீதம் பேருக்குப் போதிய அசைவு இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இன்னும் குறைவு. விருப்பத்துக்காக நடப்பவர்கள், விளையாடுபவர்கள் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. மறுபக்கம், 2024-இன் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உழைக்கிறவளை இன்னொரு அட்டவணை "அசைவு போதாதவள்" என்கிறது. இரண்டு கணக்கும் சரிதான். எந்திரங்கள் வந்து வேலையின் பாரத்தைக் குறைத்தன. வேலை நம் தலையில் விழும் நேரத்தைக் குறைக்கவில்லை. அடுப்பு முன் நிற்பதும் காய் நறுக்குவதும் நம்மைக் களைப்பாக்கும், ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் அதிக வேலை வைக்காது.

உடல் அசைவுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவைத் தேடிப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. 1956-இல் ஜீன் மேயரும் அவர் குழுவினரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் உணவையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் நிறையச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுத்தர்களும் குறைவாகச் சாப்பிடவில்லை, எடையும் ஏறியிருந்தது. அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி அதற்கேற்ப இறங்குவதில்லை என்பது அதன் முடிவு. அதே ஆண்டு ஜெர்ரி மாரிஸ் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். மாடிப் பேருந்தில் நாளெல்லாம் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட, அதே வயது ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு பெரியது. வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்தார்களா என்ற கேள்வியும் அதில் எழுந்தது.

நல்ல ஆய்வுகள்தான். ஆனால் இரண்டிலும் ஆண்கள் மட்டும். அந்த எழுத்தர்களுக்குச் சோறு பொங்கியவர்கள் எவ்வளவு நடந்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அந்தக் கணக்கில் இல்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில் என்ன மிஞ்சியது என்பதும் இல்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் புனேயிலிருந்து கிடைத்தது. 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது. இருவரின் பிஎம்ஐயும் 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பில் தசை குறைவாகவும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகமாகவும் இருக்கலாம். இதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை என்றும், பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை என்றும் இந்திய மருத்துவர்கள் வரையறுத்தார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்குகிறது என்றும் புனே ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையிலும் தசையிலும் குறைந்திருந்தன, தோலடிக் கொழுப்பில் அந்த அளவுக்குக் குறையவில்லை. அரைவயிற்றுக்குச் சாப்பிட்ட என் அப்பத்தாக்களின், அம்மாச்சிகளின் பசி எங்கள் உடம்பில் இப்படியும் தங்கியிருக்கலாம்.

மதினியிடம் டேப் வாங்கி அம்மாவின் வயிற்றை அளந்தேன். 43 கிலோ உடம்பில் 84 சென்டிமீட்டர். சேலைக் கொசுவத்துக்குள் யாரும் பார்க்காத சின்னத் தொப்பை. முட்டி வலியால் ஐந்து வருடமாக அவள் வயலுக்குப் போவதில்லை. உழைத்த காலத்தின் தசை கரைந்துவிட்டது. "ஒரு நா சும்மா ஒக்காந்தவளா" என்றவள் இப்போது நாளெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கவனிக்காமல் இருந்தவள் நான்தான். அவள் ஒல்லி, அவளுக்கு ஒன்றும் வராது என்று நானும் நம்பியிருந்தேன்.

தமிழ்நாட்டில் 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம் அதிக எடை கொண்டவர்கள். 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த இரண்டு கூட்டமும் தனித்தனி இல்லை. ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கிறது. எங்கள் ஆலையில் எட்டு மணி நேரம் எந்திர வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள் ஒல்லியாக, வெளிறிப்போய் இருக்கிறார்கள். நடை மட்டும் ஒருத்தியைக் காப்பாற்றிவிடும் என்றால் அவர்கள்தான் ஊரிலேயே ஆரோக்கியமானவர்களாக இருக்க வேண்டும். எதைச் சாப்பிட்டு, எவ்வளவு தூங்கி, யாருடைய விசிலுக்கு நடக்கிறோம் என்பதும் உடம்பில் சேர்கிறது.

கடைசியில் நான் நடக்கத் தொடங்கினேன். காலை ஐந்தரைக்கு, தர்மத்துப்பட்டி சாலையில். முதல் சிக்கல் வீட்டில். அந்த நாற்பது நிமிடம் யாருடையது? "நானும் ஆறு மணிக்குக் கடை தொறக்கணும்ல" என்றார் வீட்டுக்காரர். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், பிளஸ் டூ படிக்கும் மகன் இட்லிச் சட்டியில் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டான். அவனுக்குப் பதினேழு வயது. இதை ஏழு வருடம் முன்பே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது தெரு.

"எங்கிட்டு மதினி கெளம்பிட்டீக, இந்நேரத்துல?"

"நடக்கத்தான்."

"நடந்து எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"சும்மாவா!"

இதே சாலையில் தலையில் விறகோடு அம்மா முப்பது வருடம் நடந்தாள். ஒருவரும் எங்கே என்று கேட்டதில்லை. பாரம்தான் அவளுடைய அனுமதிச் சீட்டு. குடமோ கூடையோ பிள்ளையோ இல்லாமல் ஒரு பெண் சாலையில் போனால்தான் ஊருக்குக் கேள்வி வருகிறது. டீக்கடை வாசலில் பேச்சு நிற்கும். முதல் வாரம் நான் தலை குனிந்தே நடந்தேன். பள்ளி மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. எங்களுக்குச் சாலையோரம், லாரி வெளிச்சம், நாய்கள். "வாக்கிங் போங்க" என்று மருத்துவச் சீட்டில் எழுதுவது எளிது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், வீட்டு அடுப்பை யாரிடம் விட்டுவிட்டு என்று அதில் எழுதுவதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. எடை இரண்டரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. நடை எடையைப் பெரிதாக இறக்காது. தான்சானியாவின் ஹாட்சா மக்களை 2012-இல் அளந்து பார்த்த பாண்ட்ஸர் குழு, நாளெல்லாம் நடக்கும் அவர்களும் அவர்கள் உடம்பின் அளவுக்கு, மேலை நாட்டினர் செலவழிக்கும் சக்தியைத்தான் செலவழிக்கிறார்கள் என்று கண்டது. ஆனால் என் இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. அசையும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதற்குத் தராசில் முள் இறங்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்குக் குறைவான அசைவும் கணக்கில் சேரும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகிறேன். மேலாளர் பார்ப்பார். நானும் பார்ப்பேன்.

இப்போது நாங்கள் நான்கு பேர். மதினியும் வருகிறார். போன மாதத்திலிருந்து அம்மாவும். மாத்திரையோடு இந்த நடையும் சேர்ந்ததில் அவளுக்குச் சர்க்கரை 170-க்கு வந்திருக்கிறது. முட்டிக்காக அவள் பாதி தூரம்தான் வருவாள், பாலத்துத் திண்டில் உட்கார்ந்து எங்களுக்குக் காத்திருப்பாள். வரும்போது கையில் எப்போதும் ஒரு தூக்குவாளி இருக்கும். காலி வாளி.

"எதுக்கும்மா அது?"

"யாராச்சும் கேட்டா பாலுக்குன்னு சொல்லிக்கலாம்ல."

"கேட்டா சும்மா நடக்குறேன்னு சொல்லு."

"நீ சொல்லுவ" என்றாள். வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.