நமக்கு எந்த டார்ச் லைட்?

என் பையில் எப்போதும் கிடக்கும் சின்ன எல்.இ.டி. டார்ச்சைப் பார்த்துவிட்டுத் தோழர்கள் பலர் "எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. எட்டு மாதமாக அதைச் சுமந்துகொண்டு கடலாடி, முதுகுளத்தூர், திருப்புல்லாணி, ராமேசுவரம் என்று அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இதெல்லாம் எழுத வேண்டிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1930 டிசம்பரில், அன்றைய பெரிய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்க சாதியினர் நம் மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கையில் பிடிக்கும் குடைக்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கையில் எதைப் பிடிக்கிறோம், அது நம் வேலைக்கு உதவுமா என்று பார்த்து வாங்குவது எனக்கு அற்ப விஷயமாகத் தெரியவில்லை.

என்னுடையது உள்ளங்கை நீளம். அலுமினிய உடம்பு, பக்கவாட்டில் ஒரு சுவிட்ச், உள்ளே 18650 என்ற லித்தியம் பேட்டரி ஒன்று. செல்போனின் டைப்-சி வயரிலேயே சார்ஜ் ஏறும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியிலும் நல்லதைப் பொறுக்கிவிடலாம்.

முதலில் லூமன். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் இதுதான். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு இது. எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லாது. தூரத்துக்குக் கேண்டெலா என்று வேறு அளவு உண்டு. 2500 கேண்டெலா இருந்தால் 100 மீட்டர் என்று போடுவார்கள். அந்த நூறாவது மீட்டரில் விழும் ஒளி 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம். '300 மீட்டர்' என்று போட்டிருப்பதை நம்பி, அங்கே நிற்பவரின் முகம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் டார்ச்சில் அதிகபட்சம் 1000 லூமன் என்று போட்டிருக்கிறது. அதில் வைத்தால் சில நிமிடங்களில் உடம்பு சுடுகிறது, ஒளி தானாகவே இறங்குகிறது. இது பழுதல்ல. அவ்வளவு சூட்டை இவ்வளவு சின்ன உடம்பு வெளியேற்ற முடியாது என்பதால் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே அந்தப் பெரிய எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நடப்பதற்கு 50 முதல் 100 லூமன் தாராளம்.

நம் பக்கத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் காலனிக்கு நடக்கிறோம். முள் காலடியில் கிடக்கிறது. சுருட்டை விரியன் மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கட்டுவிரியன் வெளியே வருவதே இரவில்தான். தூரத்துப் பனைமரத்தைத் தொடும் ஊசி ஒளியால் இங்கே பயனில்லை. ஐந்தடி, பத்தடி தூரத்தை அகலமாகக் காட்டும் ஒளிதான் வேண்டும். டார்ச்சை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே பிடித்து நடங்கள். தரையில் கிடக்கும் எதற்கும் நிழல் விழும். நிழல் விழுந்தால் கண்ணில் படும்.

அடுத்தது பேட்டரி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்தில் சுமார் 100 லூமன் தரும். 3000 எம்.ஏ.எச். உள்ள ஒரு 18650 பேட்டரியில் கிட்டத்தட்ட 11 வாட்-மணி இருக்கிறது. 100 லூமனில் வைத்தால் ஓர் இரவு முழுக்க வரும் என்பது கணக்கு. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. சந்தையில் இதே அளவு பேட்டரியில் '9900' என்று அச்சடித்து விற்கிறார்கள். அது பொய். 18650-இல் நல்ல பேட்டரிகள் 3500 அளவில்தான் இருக்கும். இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் ஒளி பத்தில் ஒரு பங்காக விழும் வரைக்குமான கணக்கு.

இந்த டார்ச்சை என் பெரியம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். "ஏய்யா, ஒருக்கா அமுக்குனா மங்குது, இன்னொருக்கா அமுக்குனா மின்னுது. லைட்டுன்னா எரியணும், அணையணும், அம்புட்டுத்தானே?" என்றார். அவர் சொல்வது சரி. விட்டுவிட்டு மின்னும் வசதி நமக்கு ஒன்றுக்கும் உதவாது. அவசரத்தில் அமுக்கும்போது அதுதான் முதலில் வந்து தொலைக்கும். வயதானவர்களுக்கு ஒரே சுவிட்ச், ஒரே வெளிச்சம், பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல் போடும் டார்ச் போதும். கரண்ட் போனால் சார்ஜ் ஏற்ற முடியாத வீட்டுக்கும் அதுவே நல்லது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் எதை வாங்கினாலும் ஸ்பிரிங்கும் தகடும் பச்சை பூத்துவிடுகின்றன. ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீர் பட்டால், மூடிகள் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்த டார்ச்சைக் கடலோரத்துக்கு வாங்காதீர்கள். விடியலுக்கு முன் உப்பளத்தில் இறங்குபவர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். அவர்களுக்குக் கை டார்ச்சைவிட நெற்றியில் கட்டும் விளக்குதான் சரி. அதை வாங்கித் தர வேண்டியது வேலை கொடுப்பவர்.

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் பக்தர்கள் வருமுன் தெருக் கூட்டும் தொழிலாளிகளுக்கும் இதே பேச்சுதான். ஆனால் ஓர் எல்லை உண்டு. சாக்கடைத் தொட்டிக்குள் இறங்குபவருக்கு நல்ல டார்ச் வாங்கிக் கொடுப்பது உதவி அல்ல. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதையே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளே ஆளைக் கொல்லும் வாயு எந்த வெளிச்சத்திலும் தெரியாது.

நான் இந்த டார்ச்சை வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. எல்.இ.டி.யில் வெள்ளை ஒளி, நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசிக் கிடைப்பது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலிவான டார்ச்சுகளில் அந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. ஒருமுறை அடிபட்டு வந்த ஒரு தம்பியின் முதுகைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இந்த டார்ச்சை அடித்ததும் கறுத்த தோலில் கன்றிச் சிவந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களோடுதான் மறுநாள் டாக்டரிடம் போனோம். வன்கொடுமை வழக்குகளில் முதல் இரவிலேயே காயத்தைப் பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்று களத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லூமனைக் குறைத்துக்கொண்டாலும் சி.ஆர்.ஐ.யைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக, வாங்கலாமா? வாங்கலாம். அலைந்து திரியும் தோழர்கள் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் காலனிக்கே டார்ச் வாங்கிக் கொடுக்க யாராவது முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டு, தெருவிளக்கைக் கேளுங்கள். இரவில் முகத்தில் டார்ச் அடித்து "யார்ரா அது?" என்று கேட்பவர் யார், கூசும் கண்ணை மறைத்துக்கொண்டு பதில் சொல்பவர் யார் என்பது இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். டார்ச் வைத்திருப்பவர் பார்ப்பார். அவரை நாம் பார்க்க முடியாது. தெருவிளக்கின் கீழே எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறோம். 1957 செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இங்கே வெளிச்சம் என்பது சாட்சியும்கூட.

அது யாரும் போடும் பிச்சையும் அல்ல. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-வது பிரிவு, குடியிருப்புப் பகுதிகளில் பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்குப் போடுவதைக் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. ஊருக்கு ஒரு சட்டம், காலனிக்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை. அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கிராம சபை கூடுகிறது. எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, எதில் இருந்தும் எரியவில்லை, எத்தனை நாளாக என்று பட்டியல் எழுதிப் படியுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பட்டியல் எடுக்க இரவில்தான் போக வேண்டும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண் மங்கிப்போயிருக்கும். அதைப் படிக்க 100 லூமன் போதும்.