வாங்கில் இருந்தவன்

விளையாட்டைப் பற்றி எழுதுவது கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு ஏற்றதன்று எனச் சிலர் கருதக்கூடும். இலக்கியம், வரலாறு, சமூகவியல் என எத்தனையோ பொருள்கள் இருக்க, சிறுவர் சிலர் சீமெந்துத் தரையிலே பந்து தட்டும் செய்தியை இச்சஞ்சிகையின் பக்கங்களுக்குக் கொண்டுவருவானேன் என்ற வினா எழலாம். ஒரு சமூகம் எதனை மதிக்கின்றது, எவரை ஒதுக்குகின்றது என்பதை ஆடுகளத்தில் வெளிப்படையாகக் காணலாம் என்பதே எனது விடை. இதனை நான் நூல்களிற் கற்றறிந்தவனல்லன். எனது கையாலேயே ஒரு சிறுவனை ஒதுக்கி அறிந்துகொண்டவன்.

மட்டக்களப்பிலே பிறந்தவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் அந்நிய விளையாட்டாகத் தோன்றுவதில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து வந்து எமது மாவட்டத்திற் பணியாற்றிய இயேசு சபைத் துறவியர் அதனை இங்கு வேரூன்றச் செய்தனர். வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. கிழக்கின் மாணவர் பலருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த ஹேபியர் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டு, உடன் வந்த தமிழ் இளைஞர் ஒருவருடன் வழியிலே காணாமற்போனார். ஒரு பந்தும் இரு வளையங்களும் எமது ஊரின் நினைவில் இவ்வளவு இடம்பிடித்திருப்பதற்கு இத்தகைய மனிதர்களே காரணம். எமது கழகத்தின் பயிற்றுநரும் அப்பரம்பரையின் மாணவர் ஒருவரே. அவர் இளைப்பாறிய எழுதுவினைஞர். நாம் அவரைச் ‘சேர்’ என்றே அழைத்து வந்தோம்.

இவ்விளையாட்டின் தோற்றத்தைச் சேர் எமக்கு அடிக்கடி கூறுவார். 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட முடியாது அடங்க மறுத்த பதினெட்டு மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் புதியதொரு விளையாட்டை அமைத்தார். உள்ளரங்கின் மேன்மாடக் கைப்பிடியில், பத்தடி உயரத்தில், பீச் பழக் கூடைகள் இரண்டு அறையப்பட்டன. விதிகள் பதின்மூன்று. அவற்றுள் இரண்டு செய்திகள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது ஒன்று. ஓடுபவனைத்தான் பிறர் இடித்து வீழ்த்த முற்படுவர். ஓட்டத்தைத் தடுத்தால் வன்முறைக்கு இடமில்லை என நெய்ஸ்மித் எண்ணினார். இலக்கைத் தலைக்கு மேலே வைத்தமை மற்றொன்று. உயரத்திலுள்ள கூடைக்குள் பந்தை வீழ்த்த முரட்டுப் பலம் உதவாது. மென்மையாக வளைத்தெறியும் நிதானமே உதவும். பந்தைத் தரையிலே தட்டிக்கொண்டு முன்னேறும் முறை பின்னர் வளர்ந்ததாகும். ஆகவே, பந்து கைக்கு வந்தவன் அதனை இன்னொருவனுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்ற நியதியிலிருந்துதான் இவ்விளையாட்டு பிறந்தது எனலாம்.

“கொடுக்கத் தெரியாதவனுக்கு இந்த விளையாட்டில்லை” என்று சேர் இதனைச் சுருக்கிக் கூறுவார். கழகத்தின் நடைமுறைகள் யாவும் இவ்வொரு வாக்கியத்திலிருந்து கிளைத்தவையே. மாலை நான்கு மணிக்குப் பயிற்சி. அதற்கு முன்னர் களத்தைக் கூட்டவேண்டும். முதலில் துடைப்பத்தை எடுப்பவன் அணித்தலைவன். மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பற்றி அணித்தலைவனைத் தவிர எவரும் வாய்திறத்தலாகாது. மாதச் சந்தாவுக்கென ஒரு பிஸ்கற் தகரம் வைக்கப்பட்டிருக்கும். அதன் மூடியில் வெட்டப்பட்ட துளையினூடாக இயன்றவன் இயன்றதை இடுவான். இயலாதவன் வெறுங்கையை மடித்துக் கொண்டுசென்று விரிப்பான். எவன் எவ்வளவு இட்டான் என்பதை எவரும் அறியார். வாவியில் வலைவீசுவோரின் பிள்ளைகளும், வைத்தியரின் மகனும், வெளிநாட்டில் உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று பந்தெறிந்ததற்கு அத்தகரமும் ஒரு காரணம் என்பதை நான் வளர்ந்த பின்னரே உணர்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றிருந்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில், பயிற்சிக்கு ஒழுங்காக வந்து பெயர்ப்பட்டியலில் இடம்பெற்ற பன்னிருவரும், எந்தப் போட்டியாயினும், ஒரு காற்பகுதியேனும் விளையாடவேண்டும். எதிரணி எத்துணை வலியதாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

இவ்விதியால் வாழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். பதினொரு வயதில், அணியிலே மிகவும் குள்ளமானவனாக, எனது முதற் போட்டியின் இரண்டாவது காற்பகுதியில் நான் இறக்கப்பட்டேன். வந்த பந்துகளில் மூன்றைத் தவறவிட்டேன். எமது அணி தோற்றது. அழுதுகொண்டு நின்ற என்னிடம் சேர், “நாலாவதைப் பிடிச்சனி எல்லே?” என்று மட்டும் கேட்டார். நான்காவது பந்தை நான் பிடித்தது உண்மையே. அதனை அவர் கவனித்திருந்தார் என்பதே மறுநாளும் என்னைக் களத்துக்கு அழைத்துச் சென்றது. ஐந்து ஆண்டுகளின் பின்னர் நான் அக்கழகத்தின் அணித்தலைவனானேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய பின்னர் வந்த முதல் விடுமுறையிலே அச்சம்பவம் நிகழ்ந்தது. சுற்றுப்போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தன்று சேரின் உறவினர் ஒருவர் இறந்துவிட்டார். சிறுவர் அணியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மரணவீட்டுக்குச் சென்றார். பதினொருவரை நான் ஒழுங்காகவே மாற்றிமாற்றி இறக்கினேன். எஞ்சியவன் ஒருவன். மெலிந்த, பேச்சுக் குறைந்த சிறுவன். பயிற்சிக்கு ஒருநாளும் பிந்தாதவன். ஆயினும் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவனை விட்டு நீங்கவில்லை. முதற் காற்பகுதியில் அவனை இறக்கியிருக்கலாம். அடுத்ததில் பார்ப்போம் என்றிருந்தேன். இரண்டாவதில் நாம் பின்தங்கினோம். மூன்றாவதில் இடைவெளி குறைந்தது. நான்காவது காற்பகுதி தொடங்கும்போது நாம் இரண்டு புள்ளிகளே பின்னால் நின்றோம். அவன் தனது சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒரு புள்ளியால் வென்றோம். சிறுவர் என்னைத் தூக்கி ஆரவாரித்தனர். அவனும் கைதட்டினான், மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக் கொடுத்தான். பின்னர் வியர்வை படாத தனது சட்டையைக் கழற்றி, மடித்து, வாங்கின் மேல் வைத்துவிட்டுச் சென்றான். அச்சட்டை மடிக்கப்பட்டிருந்த நேர்த்தி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

மறுநாள் சேர் வெற்றிக்கிண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்தார். பின்னர் புள்ளித்தாளை வாங்கிப் பார்த்தார். களத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் பெயருக்கு நேரேயும் அத்தாளில் ஓர் அடையாளம் இடப்படுவது வழக்கம். “ஒரு பேருக்குப் பக்கத்தில மட்டும் ஒண்டையும் காணேல்லையே, தம்பி” என்றார். நான் காரணங்களைக் கூறினேன். அவர் மறுக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

அச்சிறுவன் அதன் பின்னர் பயிற்சிக்கு வரவில்லை. இரண்டு கிழமைகள் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். தாயார் தேநீர் தந்து உபசரித்தார். மகனுக்குப் படிப்புக் கூடிவிட்டது என்றார். படலை வரை என்னுடன் வந்த சிறுவன், “நான் இறங்கியிருந்தா தோத்திருப்பம்தானே, அண்ணன்?” என்று கேட்டான். அவனது குரலிலே கோபம் இருந்திருந்தால் நான் ஆறுதலடைந்திருப்பேன். அவன் எனது கணக்கைச் சரியென்று ஏற்றுக்கொண்டு கேட்டான். இல்லையென்று கூற எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

இவ்விடத்தில் மறுதரப்பு நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். போட்டியின்றித் திறன் வளராது. பதினொருவர் உழைத்துப் பெற்ற வாய்ப்பை ஒருவனுக்காக இழப்பது அந்தப் பதினொருவருக்கும் செய்யும் அநீதியன்றோ எனச் சிலர் கேட்பர். வளர்ந்தோர் அணியைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் உண்மையுண்டு. அங்கு திறனே அளவுகோலாதல் இயல்பு. ஆயின் பன்னிரண்டு வயதில் எவன் எத்தகைய வீரனாவான் என்பதை எவராலும் அறுதியிட்டுக் கூறமுடியாது. அன்று குள்ளனாயிருந்தவன் மூன்றாண்டுகளில் ஓரடி உயரலாம். சிறுவருக்கென அமைந்த கூடைப்பந்தாட்டத்தில் வளையத்தை 3.05 மீற்றரிலிருந்து 2.60 மீற்றராகத் தாழ்த்துவதும், பந்தைச் சிறிதாக்குவதும் இக்காரணம் பற்றியே. குழந்தையை வளையத்துக்கு உயர்த்த முடியாதபோது வளையத்தைக் குழந்தைக்குத் தாழ்த்துகின்றோம். மேலும், எமது கழகத்தின் விதி சிறுவர் அனைவரும் அறிந்த விதி. அதனை நம்பியே அவன் ஒருநாளும் பிந்தாது வந்தான். நான் தோற்கடித்தது எதிரணியை மட்டுமன்று. கொடுத்த வாக்கையும் அவனது நம்பிக்கையையுந்தான்.

இதனை எழுதும்போது எமது கல்விமுறையின் நினைவு வாராதிருக்கவில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் பத்து வயதுக் குழந்தை வெட்டுப்புள்ளி என்னும் சொல்லைக் கற்றுக்கொள்கின்றது. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோருள்ளும் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. இச்சஞ்சிகையை எழுதுவோரும் வாசிப்போரும் களத்தில் இறக்கப்பட்டவர்கள். எம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்து, நாடாவை இறுக்கிக் கட்டியபடி காத்திருந்தவர் எத்தனை பேர்? அவர்களுட் பலர் தாம் இறங்கியிருந்தால் தோற்றிருப்போம் என்றே இன்றும் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். ஒதுக்கப்பட்டவனையே ஒதுக்கலின் நியாயத்தை ஏற்கச் செய்வதுதான் எந்த ஒதுக்கலினதும் மிகப் பெரிய வெற்றி.

ஒரு கழகத்தால் நாட்டின் பரீட்சை முறையை மாற்ற முடியாது. ஆனால் வாரத்தில் மூன்று மாலைகள், 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமுங் கொண்ட ஒரு சீமெந்துத் தரையிலே, வாங்கு என்பது சிறிதுநேரம் அமர்ந்து எழும் இடமேயன்றி எவருக்கும் நிரந்தர இருப்பிடமன்று என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட முடியும். அது சிறிய காரியமென்று நான் கருதவில்லை.

இப்போதும் விடுமுறைகளில் அக்களத்துக்குச் செல்கின்றேன். எனது பொறுப்பில் நடைபெறும் போட்டிகளில், பயிற்சியிற் பின்தங்கியவர்களை முதலாவது காற்பகுதியிலேயே இறக்கிவிடுகின்றேன்; அடுத்ததில் பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு இடமளிப்பதில்லை. சென்ற ஆண்டில் இரண்டு இறுதி ஆட்டங்களிலே தோற்றோம். அச்சிறுவன் திரும்பி வரவில்லை. சிலவேளைகளில் மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் களத்தைக் கடந்து செல்வான். என்னைக் கண்டாற் சிரிப்பான். நன்றாக வளர்ந்துவிட்டான், என்னிலும் உயரம்.

அந்தப் புள்ளித்தாள் எனது விரிவுரைக் குறிப்புகளினிடையே இன்றும் இருக்கின்றது.